அந்த இடத்தில் குதிக்க வேண்டும்

சக்கரத்தில் தொடங்கிய மனித நாகரிகம் இசைத்தட்டில் வந்து நிறைவு பெற்றது. அதற்குப் பிறகு உலகில் நடந்ததெல்லாம் சரிவு.

இதை ஆதிநாராயணன் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், திருவள்ளூரில் தன் வீட்டு ஹாலில், எழுந்து நின்று சொல்வார். சொல்லி முடித்ததும் ஒரு முறை இருமுவார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், சமையலறையில், அவர் மனைவி திலகவதி மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியைத் தட்டுவார். ஹாலில் பாட்டு கிளம்பும்.

இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் ஆதிநாராயணன் மனம் நொந்துபோவார். இசைத்தட்டுகள் அவரிடம் உண்மையாகவே இருந்தன. ஒரு சுவர் முழுக்க இருந்தன. ராக் இசையை சைகடெலிக், புரோக்ரசிவ், ஹெவி மெட்டல், பங்க் என்று தனித்தனி அடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கின் முனையிலும் ஆபீசில் அச்சடித்த சீட்டை ஒட்டியிருந்தார். அவற்றுக்குக் கீழே, பெருக்கும்போது துடைப்பம் இடிக்கிற உயரத்தில், தமிழ்ப் படப் பாட்டுத் தட்டுகள். ரெக்கார்டு பிளேயரும் உண்மையானதுதான். தட்டைச் சுற்றவும் செய்தது. ஊசிதான் இல்லை. பொங்கலுக்கு வீடு துடைத்தபோது திலகவதியின் துணியோடு போனது, திரும்பி வரவில்லை. சென்னையில் தேடிப்பிடித்து வாங்கிய புது ஊசி பொருந்தவில்லை. அந்த மாதக் கூட்டத்தைத் தள்ளிவைக்க மனம் வராமல், கைப்பேசியிலிருந்து ஸ்பீக்கருக்கு ப்ளூடூத்தில் பாட்டை விட்டுவிட்டு, தட்டை மட்டும் சும்மா சுற்றவிட்டார். கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள், இன்றைக்கு ஒலியில் ஒரு தனிச் சூடு இருந்தது என்றார்கள். அதற்குப் பிறகு ஊசி தேடுவது அவர்களை அவமதிப்பதாகப் பட்டது.

அந்தச் சூட்டில் ஒரு பங்கு திலகவதியைச் சேர வேண்டும். கூட்டம் நடக்கும்போது அவர் வடை சுடுவார். எண்ணெய் சடசடப்பதை உறுப்பினர்கள் பழைய தட்டுக்கே உரிய கரகரப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் நடுவில் கேஸ் தீர்ந்து அடுப்பு நின்றபோது, இந்தத் தட்டு அதிகம் ஓடாத தட்டு போலிருக்கிறது என்று ஒருவர் வியந்தார்.

அமைப்பின் பெயர் கேட்போர் அவை. நிரந்தர உறுப்பினர்கள் இரண்டு பேர். தணிகாசலம் தாலுக்கா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அவரை ஐயா என்று கூப்பிடும் ஒரே இடம் அதுதான். இம்மானுவேல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. அதே ஆலையில் ஆதிநாராயணன் பணியாளர் பிரிவுக்குப் பொது மேலாளர். எனவே இம்மானுவேலுக்கு ராக் இசை பிடிக்கும். அவையின் முதல் விதி, பிளேயரின் கை தட்டில் இறங்கியதும் எல்லாரும் கண்ணை மூடிவிட வேண்டும். இசை காதுக்கானது, கண் அதில் குறுக்கே வரக் கூடாது என்று ஆதிநாராயணன் இதற்கு விளக்கம் கொடுத்திருந்தார்.

இந்தக் கதை நடந்த மாதத்தின் கடைசியில் ஆதிநாராயணனுக்கு ஓய்வு வயது. இரண்டு வருடம் நீட்டிப்பு கேட்டிருந்தார். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் பல முறை நினைத்துப் பார்த்ததுண்டு. வாசலில் நிற்கும் கம்பெனிக் கார் போகும். டிரைவர் போவார். காலையில் கேட்டில் நிற்கும் காவலாளியின் சல்யூட் போகும். இம்மானுவேலுக்கு ராக் இசை பிடிக்காமல் போகும். கடைசியில் தான் என்ன ஆவோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தணிகாசலம் ஆவார்.

முடிவு ஆலைத் தலைவர் வசந்தகுமார் கையில் இருந்தது. புனேயிலிருந்து மாற்றலாகி வந்தவர், வயதில் ஆதிநாராயணனைவிட ரொம்பச் சின்னவர். கேபின் சுவரில் ஒரு கிட்டாரை மாட்டியிருந்தார். அதை யாரும் இறக்கிப் பார்த்ததில்லை. சனிக்கிழமைகளில் மண்டையோடு போட்ட கருப்பு டீ-ஷர்ட்டில் வருவார். புனேயில் தான் நின்று கேட்ட மெட்டல் கச்சேரிகளைப் பற்றி உற்பத்திக் கூட்டங்களில் சொல்வார். நீட்டிப்புக் கடிதம் மேசையில் இருக்கிறது, திங்கட்கிழமை பேசலாம் என்று அவர் சொன்ன அன்று, ஆதிநாராயணன் வாய் சும்மா இராமல் கேட்போர் அவையைப் பற்றிச் சொல்லிவைத்தார். வசந்தகுமார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

வந்தார். கையில் தலையணை உறைக்குள் எதையோ தட்டையாக வைத்துக்கொண்டு வந்தார்.

உறைக்குள் இருந்தது ஒரு தமிழ்ப் படத்தின் பாட்டுத் தட்டு. அட்டையில் கதாநாயகன் மலை உச்சியில் கிட்டாரோடு நின்றான், அவன் பேன்ட்டின் அடிப்பாகம் அந்த மலையைவிட அகலமாக இருந்தது. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லையாம். ஆனால் அதில் ஒரு பாட்டில் எலக்ட்ரிக் கிட்டார் கதறும், அந்தக் காலத்தில் அப்படி ஒரு கதறலைத் தமிழ்நாடு கேட்டதில்லை என்றார் வசந்தகுமார். அவருடைய அப்பா கடம்பத்தூரில் ரேடியோ செட் வைத்திருந்தவர். சுற்று வட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார். அந்தப் பாட்டில் ஒரு வரி வரும், நாயகி பொட்டை அழித்துக்கொண்டு போவதாக. ஒரு வீட்டில் சரியாக முகூர்த்த நேரத்தில் அந்த வரி குழாயில் ஊர் முழுக்க ஒலித்து, மாப்பிள்ளை வீட்டார் பந்தலை விட்டு எழுந்துவிட்டார்கள். மறுநாள் அப்பா பிளேடை எடுத்துத் தட்டில் அந்த வரி இருக்கும் இடத்தைக் குறுக்கே கீறிவிட்டார். அதிலிருந்து ஊசி அங்கே வந்ததும் ஒரு குதி குதித்து வரியைத் தாண்டிப் போய்விடும். ரேடியோ செட்காரர்கள் எல்லாருமே அப்போது இப்படித்தான் செய்வார்களாம். கடம்பத்தூர்ப் பக்கம் அந்த வரியைக் கேட்ட ஆளே கிடையாது.

இதுவரை புனே ஆங்கிலம் கலந்து பேசிக்கொண்டிருந்த வசந்தகுமாருக்கு இந்த இடத்தில் குரல் மாறிவிட்டது.

"அந்த எடத்துல குதிக்கணும் சார். குதிச்சாதான் அது எங்க நைனா தட்டு. ஆயிரம் தட்டுல கலந்து வச்சாலும் கண்ண மூடிக்கினு சொல்லிடுவேன். கண்ட மிஷின்ல போட மனசு வரல, அதான் இத்தினி வருசம் சும்மாவே வச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு, குழந்தையை நீட்டுவதுபோல் தட்டை ஆதிநாராயணனிடம் நீட்டினார்.

ஆதிநாராயணன் வாங்கிக்கொண்டார். வெளியிலிருந்து வந்த தட்டை உடனே சுழலவிடக் கூடாது, அறையின் சூட்டுக்குப் பழக வேண்டும், பிறகு காய்ச்சி வடித்த நீரால் துடைக்க வேண்டும் என்று அறிவித்தார். தணிகாசலம், ஆமாம் அதுதான் முறை என்றார். இதற்கு முன் அப்படி ஒரு முறையை அவர் பார்த்ததில்லை.

நீர் எடுக்கும் சாக்கில் ஆதிநாராயணன் தட்டோடும் அட்டையோடும் சமையலறைக்குள் போனார். அட்டையைத் திலகவதியின் முகத்துக்கு நேரே பிடித்து, இந்தப் பாட்டைத் தேடு என்று உதட்டை மட்டும் அசைத்தார். திலகவதி ஒற்றை விரலால் தேடினார். யாரோ புண்ணியவான் அந்தப் பாட்டை ஏற்றிவைத்திருந்தான். ஆதிநாராயணனுக்கு மூச்சு வந்தது.

"முன்னாடி வெளம்பரம் வருதுங்க. சத்தத்த கொறச்சு வச்சிட்டு அது முடிஞ்சப்புறம் ஏத்தறேன்."

"ஏத்து. இன்னொன்னு. நடுவுல ஒரு வரி குதிக்கணும்."

"இன்னாது?"

அவர் சொன்னார். திலகவதி கரண்டியைக் கீழே வைத்தார்.

"இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்ல. எப்ப வரும்னு ஜோசியமா பாக்க முடியும்?"

"கிட்டார் கதறும். கதறி அடங்கினதும் தள்ளிடு."

"நீங்க போடற எல்லாத்துலயும்தான் அது கதறிக்கினே கீது. இருமுங்க."

"ஒரு இருமல்னா போடறது, ரெண்டுன்னா நிறுத்தறது. மூணு இருமறதுக்குள்ள வரி போயிடும்."

"அப்ப கனைங்க."

கனைப்பு என்று முடிவானது. சத்தம் கேட்க வேண்டுமே என்று திலகவதி அடுப்பை அணைக்கப் போனார். ஆதிநாராயணன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். இவ்வளவு பழைய தட்டு கரகரக்காமல் ஓடினால் வசந்தகுமாருக்குச் சந்தேகம் வரும். வடை நிற்கக் கூடாது. தட்டைக் குழாயடியில் காட்டி, ஈரத்தைத் தன் வேட்டி முனையாலேயே துடைத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினார்.

அங்கே இம்மானுவேலும் தணிகாசலமும் அந்தப் பாட்டு சைகடெலிக்கா புரோக்ரசிவா என்று தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதைக் கேட்டதில்லை. வசந்தகுமார் சைகடெலிக் என்று தீர்ப்புச் சொன்னதும் இம்மானுவேல், தான் முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிவருவதாகச் சொன்னார்.

ஆதிநாராயணன் தட்டை வைத்தார். அது சுழன்றது. நாகரிகம் பற்றிய வாசகத்தை அன்றைக்குச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். பிளேயரின் கையைத் தட்டுக்கு மேலே கொண்டுபோய், முழுக்க இறக்காமல், ஒரு மயிரிழை இடைவெளியில் நிறுத்தினார். மூவரும் கண்ணை மூடினார்கள். வசந்தகுமார் கண்ணை மூடிய விதத்தில் ஒரு மகனும் ஒரு மேலதிகாரியும் சேர்ந்தே இருந்தார்கள். ஆதிநாராயணன் இருமினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

தட்டு சுற்றியது. எண்ணெய் சடசடத்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் விளம்பரம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தகுமாரின் புருவம் லேசாக நெளிந்தது. இன்னும் கொஞ்சம் போனால் கண் திறந்துவிடும். ஆதிநாராயணன் தாழ்ந்த குரலில், பாட்டுக்கு முன்னால் தட்டில் இருக்கும் இந்த மௌனத்தையும் கேளுங்கள், இதைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு என்றார். புருவம் சமாதானமாகி, மௌனத்தைக் கேட்கத் தொடங்கியது.

பாட்டு வந்தது. முதலில் டிரம்ஸ், பிறகு கிட்டார், பிறகு தனக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்பதுபோல் ஓர் ஆண் குரல். பல்லவி முடிந்தது. கிட்டார் கதறத் தொடங்கியது. ஆதிநாராயணன் தொண்டையைத் தயாராக வைத்துக்கொண்டு வசந்தகுமாரின் முகத்தையே பார்த்தார். அவையின் விதியை மீறிக் கண் திறந்திருந்த ஒரே ஆள் அவர்தான். கிட்டார் ஏறியது, இன்னும் ஏறியது, அடங்கியது. ஆதிநாராயணன் கனைத்தார்.

அதே நேரத்தில் திலகவதி அடுத்த ஈடு வடையை எண்ணெயில் போட்டார். வாணலி சீறியது. கனைப்பு அதில் கரைந்துபோனது.

வரி வந்தது. நாயகி பொட்டை அழித்தாள், ஒரு எழுத்துக் குறையாமல், இடது ஸ்பீக்கரிலும் வலது ஸ்பீக்கரிலும் அழித்தாள். கடம்பத்தூர் வட்டாரம் இத்தனை வருடமாகக் கேட்காத வரியைத் திருவள்ளூரில் நான்கு பேர் முழுசாகக் கேட்டார்கள். ஆதிநாராயணன் மறுபடி கனைத்தார். அந்தக் கனைப்பு பாதியில் நிஜ இருமலாக மாறியது. அடக்க அடக்க இன்னும் வந்தது. ஒன்றா இரண்டா என்று கணக்கு வைக்கிற இருமலாக அது இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் திலகவதி இதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, மாவு விரலால் எதையோ இழுத்தார். நாயகன் லா லா என்று சும்மா முனகிக்கொண்டிருந்த இடத்தில் பாட்டு திடுக்கென்று குதித்து, அடுத்த சரணத்தின் நடுவே போய் விழுந்தது.

வசந்தகுமார் வலது கையை மெல்ல உயர்த்தினார்.

"அதே எடம்" என்றார். "ஒரு நூல் தப்பல. எங்க நைனா கை."

மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தணிகாசலமும் கண்ணைத் துடைத்தார். இம்மானுவேல் தன் மேலதிகாரியின் மேலதிகாரி அழும்போது தான் எவ்வளவு அழுவது முறையாக இருக்கும் என்று தெரியாமல், மூக்கை மட்டும் உறிஞ்சினார். பாட்டு முடிந்ததும், அடுத்த விளம்பரம் வாய் திறப்பதற்குள் திலகவதி அதை நிறுத்திவிட்டார். அவர் அன்றைக்குச் சரியான நேரத்தில் செய்தது அது ஒன்றுதான்.

ஆதிநாராயணன் தட்டை எடுக்கப் போனார். வசந்தகுமார் தடுத்து, இது அப்பாவின் தட்டு, தான்தான் எடுக்க வேண்டும் என்றார். குனிந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். பிறகு பிளேயரின் கையைக் குனிந்து பார்த்தார். கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். தட்டை அட்டைக்குள்ளும் அட்டையைத் தலையணை உறைக்குள்ளும் போட்டார். திலகவதி வடைத் தட்டோடு வந்து நின்றபோது, நாஷ்டா ஆகிவிட்டது என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கார் கதவு சாத்தும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அன்று பகல் முழுக்கக் கணவனும் மனைவியும் அதையே பேசினார்கள். ஆதிநாராயணன் வடையைக் குற்றம் சொன்னார். திலகவதி கனைப்பைக் குற்றம் சொன்னார், கனைப்பு என்றால் கல்யாண வீட்டில் மாமனார் கனைக்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்றார். அந்த வரி முழுசாக வந்துவிட்டது, அழுகை தணிந்ததும் அவருக்கு உறைத்திருக்கும், அதுதான் பேசாமல் போனார் என்று ஆதிநாராயணன் கடைசியில் முடிவுக்கு வந்தார். அப்பாவின் தட்டை அவமதித்தவனுக்கு யார் நீட்டிப்பு கொடுப்பார்கள்? அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிறைய மிஞ்சிப்போயிருந்த வடையும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பெரியபாளையம் வழியாகக் கார் போனபோது, அதன் இருக்கையை, கைப்பிடியை, ஏசி வரும் துவாரத்தை எல்லாம் பிரியப்போகிறவர்போல் பார்த்துக்கொண்டே போனார். டிரைவர் ஏதோ கேட்டதற்கு வழக்கத்துக்கு மாறாகத் தம்பி என்று கூப்பிட்டுப் பதில் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, சார் ஊட்டுல எல்லாரும் நல்லாத்தான கீறாங்க என்று விசாரித்தார். ஆலை கேட்டில் காவலாளி சல்யூட் அடித்தார். ஆதிநாராயணன் முதல்முறையாகத் திருப்பி அடித்தார்.

கேபினுக்குள் போனதும் வசந்தகுமார் உட்காரச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே வார்ப்புக் கூடத்தின் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிப்பு இல்லை என்று சொன்னால் ஏன் என்று எழுத வேண்டும். எழுதிய காரணம் புனே தலைமை அலுவலகம் வரைக்கும் போகும். இது ஆதிநாராயணனுக்குத் தோன்றவில்லை. வசந்தகுமாருக்கு ஞாயிற்றுக்கிழமையே தோன்றிவிட்டது. மேசையிலிருந்த கடிதத்தை ஒற்றை விரலால் தள்ளினார். கையெழுத்து போட்டிருந்தது. கேட்டபடியே இரண்டு வருடம்.

ஆதிநாராயணன் நன்றி சொல்ல வாயெடுத்தார். வசந்தகுமார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒன்னே ஒன்னு ஆதி சார். நான் அழுதது இந்த காம்பவுண்டுக்குள்ள பேச்சா வரக் கூடாது. இம்மானுவேல் கிட்டயும் சொல்லி வச்சிடுங்க."

"உயிர் போனாலும் வராது சார்."

"தட்டப் பத்தியும் வேணாம்."

வீட்டுக்கு வந்த ஆதிநாராயணன் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, இப்படி ஒரு ரசிகரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று திலகவதியிடம் சொன்னார். இசைக்கு முன்னால் அழுதுவிட்டு, அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற மனசு எத்தனை பேருக்கு வரும்? அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிச் சிறப்புரை ஆற்றப்போவதாகவும், பெயரைச் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னார். திலகவதி, அப்படியானால் உளுந்து கூடுதலாக ஊறப்போட வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தகுமார் குனிந்து எடுத்தபோது, மேலே இருந்தது தட்டின் முதல் பக்கம். அவர் அழுத பாட்டு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.